லூத்தரன் போதகர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பை எப்படி எழுதுவது?

அண்மையில் காலமான தம் பெரியப்பாவின் 31ஆம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு யாழ்ப்பாணத்தில் வசிக்கும் பெறாமகள் ஒருவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. பெரியப்பா தமிழ்நாட்டில் இறையியல் கற்று, மலையகத்தில் லூத்தரன் போதகராகப் பணியாற்றி, ஓய்வுபெற்றபின் ஊருக்குத் திரும்பியவர்; மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த குடும்பத்தோடு வாழ்ந்தவர். உறவினரில் பெரும்பாலோர் தென்னிந்தியத் திருச்சபையினரும் சைவர்களுமாக இருப்பதால், லூத்தரன் போதகர் என்பவர் யார், அவருடைய பணியை எவ்வளவு எழுதுவது, குடும்பத்தை எவ்வளவு எழுதுவது, ஓய்வுக்காலத்தைப் பற்றி எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று அவர் கேட்கிறார்.

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இறைபணி என்று ஒரு தலைப்பும் குடும்பம் என்று இன்னொரு தலைப்புமாகப் பிரித்து எழுதாதீர்கள். நம்மூரில் குருவானவர் என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருபவர் மணம் முடிக்காத கத்தோலிக்கச் சுவாமிதான். அவருடைய வாழ்வில் குடும்பத்தைத் துறந்ததே பணியின் அடையாளம். பதினாறாம் நூற்றாண்டில் ஜேர்மனியில் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய லூத்தரன் மரபு அதற்கு நேர்மாறான இடத்திலிருந்து புறப்பட்டது. அங்கே போதகரின் வீடு பணிக்குப் புறம்பானதன்று. பிரசங்க பீடத்திலிருந்து சொன்னது உண்மையா என்று சபையார் பார்த்துக்கொண்டது அந்த வீட்டில்தான். ஆகவே உங்கள் பெரியப்பா நல்ல குடும்பத் தலைவராக இருந்தார் என்பது குறிப்பின் கடைசியில் மரியாதைக்காகச் சேர்க்கப்படும் வரியாக இருக்கலாகாது.

யாழ்ப்பாணத்தில் லூத்தரன் சபை ஏன் வேரூன்றவில்லை என்பதை ஓரிரு வரிகளில் மலரில் சொல்லுங்கள். படிக்கும் உறவினர்களுக்கு அது உதவும். போர்த்துக்கேயர் காலத்தில் கத்தோலிக்கம் பரவியது. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சீர்திருத்தச் சபையினர். அவர்கள் இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வினின் வழி நின்றவர்கள், லூத்தரின் வழி நின்றவர்கள் அல்லர். பிரித்தானியர் ஆட்சியில் 1814இல் வெஸ்லியன் மிஷனரிகளும், 1816இல் அமெரிக்க மிஷனரிகளும், 1818இல் ஆங்கிலிக்கச் சபைத் தொண்டர்களும் வந்து குடாநாட்டைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டதுபோல ஆகிவிட்டது. ஆயினும் லூத்தரன் கை இங்கே படவேயில்லை என்று சொல்ல முடியாது. பாக்கு நீரிணைக்கு அப்பால் தரங்கம்பாடியில், டென்மார்க் மன்னரின் ஆதரவில், சீகன்பால்கு 1706இல் வந்திறங்கி நிறுவியது லூத்தரன் மிஷன். அவருக்குப் பின் அதே மிஷனில் பணிபுரிந்த சுவார்ட்ஸ் 1760இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் பிரசங்கம் செய்தார். அவருடைய மாணவரான கிறிஸ்தியன் தாவீது 1801இல் இங்கு வந்து நெடுங்காலம் பணியாற்றினார். பின்னர் 1824இல் ஹீபர் பேராயரிடம் ஆங்கிலிக்கக் குருப்பட்டம் பெற்றாலும் அவர் வளர்ந்தது லூத்தரன் மிஷனில்தான். அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திற்கு வந்தபோது தமிழறிந்த அந்தப் பெரியவர் முன்பே இங்கிருந்தார் என்பதை நம்மவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

மலையக லூத்தரன் சபையின் வேர் வேறு. அமெரிக்காவில் 1847இல் அமைந்த மிசூரி லூத்தரன் சங்கம், 1895 முதல் தமிழ்நாட்டில் பணி செய்துவந்து, 1920களின் பிற்பகுதியில் இலங்கைக்கும் தன் ஊழியத்தை நீட்டியது. அதன் மக்கள் பெரும்பாலும் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். ஒரே ஊரில் ஒரே கோயில் என்ற யாழ்ப்பாணத்து அமைப்பு அங்கே இல்லை. சபை பல தோட்டங்களில் சிதறிக் கிடக்கும். போதகர் மலையேறி இறங்கி, தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களுக்குச் செல்ல வேண்டும். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ளவும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. அதன் பின்னர் ஆண்டுக்கு ஆண்டு குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின. தோட்டங்களில் பணிபுரிந்த போதகர் எவருக்கும், அவர் எந்தச் சபையினராயினும், தாம் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகளைத் தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்கு வழியனுப்புவதும் பணியின் ஒரு பகுதியாயிற்று. பெரியப்பா அந்த ஆண்டுகளில் அங்கே இருந்தவரானால், எந்தெந்தத் தோட்டங்கள் அவர் பொறுப்பில் இருந்தன, போனவர்களில் எவரேனும் பின்னர் கடிதம் எழுதினார்களா என்று தேடிப் பாருங்கள். பட்டம், பதவி, குழு உறுப்புரிமை என்று அரைப் பக்கம் நிரப்புவதைவிட அப்படியொரு கடிதம் மேலானது.

இனி வீட்டைப் பற்றி. இதைச் சற்று நீட்டி எழுதுவதற்குக் காரணம், இந்த மரபின் தொடக்கத்திலேயே ஒரு திருமணம் இருப்பதுதான். துறவியாக இருந்த மார்ட்டின் லூத்தர் 1525ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிவந்த கத்தரீனா வான் போரா என்ற பெண்ணை மணந்தார். விட்டன்பேர்க் நகரில் அவர் முன்பு துறவியாக வாழ்ந்த அதே மடம் அவர்களுடைய வீடாயிற்று. அறுவர் பிள்ளைகள், அவர்களோடு உறவினரின் அநாதைப் பிள்ளைகள், தங்கிப் படிக்கும் மாணவர்கள், வழிப்போக்கர்கள், அடைக்கலம் தேடி வந்தவர்கள். இத்தனை பேருக்கும் சோறு போட்டவர் கத்தரீனா. தோட்டம், மாடு, பன்றி, மீன்குளம், பியர் வடிப்பு எல்லாம் அவர் கையில். மாணவர்கள் கட்டணம் கொடுத்துத்தான் தங்க வேண்டும் என்று கணக்கு வைத்தவரும் அவரே. கணவருக்குப் பணம் வைத்துக்கொள்ளத் தெரியாது, கேட்டவனுக்குக் கொடுத்துவிடுவார். உலகமெங்கும் பிற்காலத்தில் லூத்தரன் குருமனை, அதாவது போதகரின் வீடு, எப்படி நடந்தது என்பதற்கு முன்மாதிரி வைத்தவர் கணவரைவிட மனைவிதான் என்பது என் எண்ணம்.

திருமணத்துக்கு முன்னரே, 1522இல், இல்லறம் பற்றி எழுதிய ஒரு நூலில் லூத்தர், குழந்தையின் அழுக்குத் துணியைத் தோய்க்கும் தகப்பனை ஊரார் பெண்டாட்டிதாசன் என்று சிரித்தாலும், அவன் அதை விசுவாசத்தோடு செய்தால் இறைவன் தம் தூதர்களோடு மகிழ்ந்து முறுவலிக்கிறார் என்ற கருத்தை எழுதினார். ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போவதையே குறைவாக நினைத்த நம்மூரில் இதை ஒரு போதகர் உண்மையாக எடுத்துக்கொண்டிருந்தால் அது கவனிக்கப்பட்டிருக்கும். பெரியப்பா பிள்ளைகளைக் குளிப்பாட்டினாரா, பெரியம்மா படுக்கையில் கிடந்தபோது கஞ்சி காய்ச்சினாரா, இரவில் யார் பாடம் சொல்லிக் கொடுத்தார் என்று உங்கள் மைத்துனர்களையும் ஒன்றுவிட்ட சகோதரர்களையும் கேளுங்கள். அன்பான தந்தை என்று எழுதுவதற்குப் பதிலாக இவற்றில் ஒன்றை எழுதினால் போதும்.

துக்கமும் அந்த வீட்டில் இருந்தது. லூத்தரின் மகள் எலிசபெத் 1528இல் கைக்குழந்தையாகவே இறந்தாள். 1542இல் பதின்மூன்று வயது மக்தலேனா தகப்பனின் கையில் உயிர்விட்டாள். பிறர் வீட்டுப் பிரேதத்துக்கு முன் நின்று ஆறுதல் சொல்லிப் பழகியவர் தம் வீட்டுப் பிரேதத்துக்கு முன் எப்படி நின்றார் என்பதை அருகிலிருந்த மாணவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்: ஆவியிலே மகிழ்கிறேன், உடலிலே மிகவும் வருந்துகிறேன் என்ற பொருள்பட அவர் பேசினார். உங்கள் குடும்பத்திலும் பிள்ளையொன்றை இழந்த கதை இருந்தால், பெரியம்மா சம்மதித்தால், அதை விட்டுவிடாமல் எழுதுங்கள். போதகர் என்பதற்காக அந்த இழப்பைத் தாங்கிக்கொண்டார் என்று சுருக்கி முடித்துவிட வேண்டாம்.

மனைவியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1546இல் லூத்தர் இறந்தபோது, எல்லாவற்றையும் கத்தரீனாவுக்கே விட்டு அவர் எழுதிய உயில் சாக்சனி நாட்டுச் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை. ஆட்சியாளர் தலையிட்டு உதவினாலும், தொடர்ந்து வந்த போரில் நிலமும் கால்நடையும் அழிந்தன. கொள்ளை நோய்க்கு அஞ்சி நகரை விட்டுப் போகும் வழியில் வண்டியிலிருந்து விழுந்து அடிபட்ட அவர், 1552 டிசம்பரில், வறுமையில் இறந்தார். போதகரின் விதவைக்கு வீடும் இல்லை, வருமானமும் இல்லை என்ற நிலை பிறகும் நூற்றாண்டுக்கணக்கில் அந்தச் சபைகளை உறுத்தியது. கணவர் இறந்தபின் சில மாதங்களோ ஓராண்டோ அவருடைய வருமானத்தை விதவைக்கே விட்டுக்கொடுக்கும் கருணையாண்டு என்ற வழக்கமும், விதவைகளுக்கான நிதிகளும் அதிலிருந்து பிறந்தவை. குருமனை சபையின் சொத்து. பணி முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். வாழ்நாள் முழுவதும் பிறர் கட்டிய வீட்டில் குடியிருந்த தம்பதியர் ஓய்வுபெறும்போது தமக்கென ஒரு கூரையை எப்படித் தேடிக்கொண்டார்கள் என்பது எந்தப் போதகரின் வாழ்க்கைக் குறிப்பிலும் முக்கியமான செய்தி. ஆனால் பெரும்பாலும் எழுதப்படாத செய்தி. ஊரில் சீதனக் காணி இருந்ததா? அங்கே வீடு கட்டியது யாருடைய பணத்தில்? வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பினார்களா? பெரியம்மா பாடசாலையில் கற்பித்துச் சேமித்தாரா? போதகர் அம்மா என்று சபை முழுவதும் அழைத்த ஒருவர் சம்பளமின்றிச் செய்த வேலையைக் கணவரின் வாழ்க்கைக் குறிப்பில் தவிர வேறெங்கும் எவரும் எழுதப்போவதில்லை.

நமது மரண அறிவித்தல் வாசகத்தைக் கவனியுங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும், மாமனாரும், சகோதரரும், மைத்துனரும், பேரனும், பூட்டனும் ஆவார். தொழில் ஒரே சொல்லில் முடிந்துவிடும், மீதியெல்லாம் உறவு. இதைப் பழைய பாணி என்று கேலி செய்பவர்களும் உண்டு. எனக்கென்னவோ லூத்தர் இதைப் படித்திருந்தால் தலையசைத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. குருத்துவம் ஒன்றே தெய்வ அழைப்பு, உழவனும் தாயும் செருப்புத் தைப்பவனும் அதற்குக் கீழே என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். கணவனாக இருப்பது ஓர் அழைப்பு. தகப்பனாக இருப்பது இன்னோர் அழைப்பு. போதகராக இருப்பது அவற்றோடு சேர்ந்த வேறோர் அழைப்பு. 1529இல் அவர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தின் ஒவ்வொரு பகுதியும், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டியது என்ற தலைப்போடுதான் தொடங்குகிறது. கோயிலில் போதகர் செய்வதை வீட்டில் தகப்பன் செய்ய வேண்டும் என்பது கருத்து. சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்த தொடக்க ஆண்டுகளிலேயே அந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கிவிட்டார். ஒருவன் தன் சொந்தக் குடும்பத்தை நடத்த அறியாதிருந்தால் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய கேள்வி இந்த மரபில் அணிக்காக எடுத்தாளப்படும் வசனமன்று. போதகராகப் பணியேற்பவரிடம் எதிர்பார்க்கப்படுவது அது.

இந்த எதிர்பார்ப்பின் சுமை பிள்ளைகள்மேல் இறங்கும். போதகர் பிள்ளை கோயிலில் முன்வரிசையில் இருக்க வேண்டும். மனப்பாட வசனத்தைத் தவறவிடக்கூடாது. சந்தியில் நின்றால் மாலைக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். மாற்றலாகும்போதெல்லாம் பள்ளிக்கூடமும் நண்பர்களும் போய்விடும். இப்படி வளர்ந்தவர்களில் தாவரங்களுக்குப் பெயரிட்ட லின்னேயசும் உண்டு, தகப்பனின் மதத்தைக் கடுமையாகத் தாக்கிய நீட்சேயும் உண்டு, ஆபிரிக்காவின் லம்பரீனில் மருத்துவமனை கட்டிய அல்பேட் சுவைட்சரும் உண்டு. மூவரும் லூத்தரன் குருமார்களின் மக்கள். பெரியப்பாவின் பிள்ளைகளில் ஒருவர் கோயில் பக்கமே போகாதவராக இருந்தால், அதை மறைத்து எல்லோரும் தந்தையின் வழியில் நடக்கிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அவர்களிடமே பேசி, தகப்பனைப் பற்றி அவர்கள் சொல்ல விரும்புவதை அவர்களுடைய வார்த்தையிலேயே சேருங்கள்.

ஓய்வுக்காலம் பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது; ஏனெனில் லூத்தரன் இறையியலில் அது உண்மையாகவே சிக்கலான இடம். கத்தோலிக்கப் போதனையின்படி குருப்பட்டம் ஆன்மாவில் அழியாத முத்திரை இடுகிறது. லூத்தர் அதை ஏற்கவில்லை. 1520இல் ஜேர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில், குரு ஒருவர் தம் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டால் அவர் மற்றவர்களைப்போல ஒரு குடியானவனோ நகரத்தவனோதான் என்றார். 1530இல் அவுக்ஸ்பேர்க்கில் சமர்ப்பிக்கப்பட்ட விசுவாச அறிக்கையின் 14ஆம் பிரிவு, முறைப்படி அழைக்கப்படாத எவரும் சபையில் பகிரங்கமாகப் போதிக்கவோ ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற திருவருட்சாதனங்களை வழங்கவோ கூடாது என்கிறது. அப்படியானால், எந்தச் சபையின் அழைப்பும் இல்லாத ஓய்வுபெற்றவர் யார்? நடைமுறையில் சபைகள் இதற்கு இரக்கமான விடை கண்டிருக்கின்றன. குருப்பட்டம் திரும்பப் பெறப்படுவதில்லை. பெயருக்கு முன்னுள்ள அடைமொழி நீடிக்கும். குருமார் பட்டியலில் ஓய்வுபெற்றவர் என்ற குறிப்போடு பெயர் இருக்கும். அழைத்தால் பிரசங்கிக்கலாம், திருவிருந்து நடத்தலாம். அழைத்தால் என்பதுதான் அங்கே உயிரான சொல்.

ஏனென்றால் உலகெங்கும் லூத்தரன் சபைகளில் எழுதியும் எழுதாமலும் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கொன்று உண்டு: ஓய்வுபெற்றவர் தம் பழைய சபையின் காரியங்களில் தலையிடக்கூடாது. அங்குள்ள திருமணத்தையோ அடக்க ஆராதனையையோ இப்போதைய போதகர் கேட்டுக்கொண்டாலன்றி நடத்தக்கூடாது. கேட்பதற்கு இது எளிது. தாம் ஞானஸ்நானம் கொடுத்து, வளர்ந்தபின் தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தலும் கொடுத்த பிள்ளை தன் கலியாணத்துக்கு ஐயாவே வரவேண்டும் என்று அழும்போது, உங்கள் போதகரிடம் போய்ச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்புவது எளிதன்று. யாழ்ப்பாணத்தில் இது இன்னும் கடினம். இங்கே ஓய்வுபெற்ற தலைமையாசிரியரும் சாகும்வரை தலைமையாசிரியர்தான். பெரியப்பா ஓய்வுபெற்றவுடன் மலையகத்தை விட்டு ஊருக்கு வந்ததற்கு இந்த ஒழுங்கும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வயதும் சீதனக் காணியும் மட்டுமே காரணம் என்று எழுதுவதற்குமுன் அவரோடு பணியாற்றியவர் எவரிடமாவது விசாரியுங்கள்.

ஊருக்கு வந்தபின் ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கே போனார்? பக்கத்தில் இருந்தது தென்னிந்தியத் திருச்சபையின் கோயிலோ மெதடிஸ்தக் கோயிலோதான். பாடல் பழக்கமானது, வேதாகமம் பழக்கமானது, ஆனால் திருவிருந்து வேளையில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். 1529இல் மார்பேர்க்கில் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தவாதி சுவிங்லியோடு நடந்த விவாதத்தின்போது லூத்தர் மேசையின்மேல் சுண்ணக்கட்டியால், இது என் சரீரம் என்ற வாக்கியத்தை இலத்தீனில் எழுதிவைத்துக்கொண்டு அதிலிருந்து அசைய மறுத்தார். அப்பத்திலும் இரசத்திலும் கிறிஸ்துவின் சரீரமும் இரத்தமும் மெய்யாகவே இருக்கின்றன என்பது லூத்தரன் விசுவாசம். மிசூரி வழிவந்த சபைகள், அந்த விசுவாசத்தில் ஒன்றுபட்டவர்களே ஒன்றாகத் திருவிருந்தில் பங்குபெற வேண்டும் என்பதில் இறுக்கமானவை. வேறு பல லூத்தரன் சபைகள் அவ்வளவு இறுக்கம் காட்டுவதில்லை. ஆகவே அவர் எழுந்து முன்னால் சென்றாரா, இருக்கையிலேயே தலைகுனிந்து இருந்தாரா, ஆண்டுக்கு ஒருமுறை மலையகத்துக்குப் போய்ப் பங்குபெற்றாரா என்பது அவருடைய மனச்சாட்சியைக் காட்டும் செய்தி. பெரியம்மாவுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். எதைச் செய்திருந்தாலும் அதை நியாயப்படுத்தவோ குறைகூறவோ வேண்டாம். செய்ததை எழுதினால் போதும், அறிந்தவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஓய்வுபெற்ற போதகரின் மற்ற நாட்கள் வெளிப்பார்வைக்கு வெறுமையானவை. உண்மையில் பணிக்காலத்தில் குடும்பத்துக்குக் கொடுக்காத நேரத்தை அவர் அப்போதுதான் கொடுக்கிறார். நாற்பதாண்டு காலம் கிறிஸ்மஸ் அன்று பிள்ளைகளோடு சாப்பிட உட்காராதவர்களை எனக்குத் தெரியும். ஆராதனை முடித்து அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஓய்வுக்குப்பின் அந்த மேசையில் அவர்கள் முதன்முறையாகக் கடைசிவரை இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப் போவதும், மனைவியின் மருந்துகளை நேரம் பார்த்துக் கொடுப்பதும், வெளிநாட்டிலிருக்கும் மகளோடு தொலைபேசியில் ஜெபிப்பதும் சிறிய வேலைகள் என்று நினைத்து நம்மவர்கள் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். அழைப்பு என்பதைப் பற்றி மேலே சொன்னதை வைத்துப் பார்த்தால், ஓர் அழைப்பு முடிந்து மற்றவை மிச்சமிருக்கும் காலம் அது. அவருடைய வாழ்க்கையில் ஒரு பத்திக்கு மேல் எழுதத் தகுந்த காலம் இதுவே என்பேன்.

ஒன்றை மட்டும் தேடாதீர்கள். பாவ அறிக்கையில் கேட்டவற்றை வெளியிடுவதில்லை என்பது அவர் குருப்பட்டத்தின்போது கொடுத்த வாக்கு. ஓய்வு அந்த வாக்கை நீக்காது. பழைய நாட்குறிப்புகளில் பிறருடைய குடும்பச் செய்திகள் இருந்தால், அவை மலருக்கு உரியவை அல்ல. பெயரை நீக்கிவிட்டாலும் சிறிய சபையில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும்.

நினைவு மலர் என்ற வடிவமே லூத்தரன் மரபுக்குப் புதிதன்று. ஜேர்மனியின் லூத்தரன் பகுதிகளில் பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள், வசதியுள்ளவர் இறந்தால் அடக்கப் பிரசங்கத்தை அச்சிட்டு உறவினருக்கு வழங்கும் வழக்கம் இருந்தது. ஸ்டோல்பேர்க் சீமாட்டி ஒருவர் சேர்த்துவைத்த அத்தகைய வெளியீடுகள் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல். அவை இன்று வோல்ஃபன்பூட்டல் நூலகத்தில் உள்ளன. பிரசங்கத்துக்குப் பின் வாழ்க்கைக் குறிப்பு வரும்: பெற்றோர், ஞானஸ்நானம், கல்வி, திருமணம், பிள்ளைகள், பணி, நோய், கடைசித் திருவிருந்து, மரணம், அதன்பின் இரங்கற்பா. திதி வெண்பாவும் புலம்பலும் சரித்திரமும் சேர்த்து நம் முன்னோர் அச்சிட்ட, கல்வெட்டு எனப்படும் நினைவு நூல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு அந்நியமாகவே இராது. ஆகவே சைவ உறவினர்கள் வெண்பா ஒன்று எழுதித் தந்தால் தயங்காமல் சேருங்கள்.

அந்தப் பழைய வெளியீடுகளில் ஒரு குறையும் உண்டு: இறந்தவர் எல்லோரும் அவற்றில் பொறுமையே உருவானவர்கள். லூத்தரோ விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று போதித்தவர். லூத்தரன் அடக்கப் பிரசங்கம் இறந்தவரின் புகழைப் பாடாமல் கிறிஸ்துவைப் பற்றிப் பேச வேண்டும் என்று போதகர்களுக்குக் கற்பிக்கப்படுவதும் இதனால்தான். பெரியப்பாவுக்குக் கோபம் வரும் என்றால் வரும் என்று எழுதலாம். அவர் மன்னிப்புக் கேட்ட சந்தர்ப்பம் ஒன்று நினைவிருந்தால் அதையும் சேர்த்தே எழுதுங்கள். நல்ல போராட்டத்தைப் போராடினேன் என்ற வசனத்தை அட்டையில் போட வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் போதகர்களின் மலர்களில் பாதிக்கு மேல் அதுவே இருக்கும். ஜேர்மானிய லூத்தரன்கள் திடப்படுத்தலின்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வசனம் கொடுப்பதுண்டு. இறக்கும்போது அதுவே பிரசங்க வாக்கியமாக அமைவதும் உண்டு. அவருடைய வேதாகமத்தின் முன்பக்கத்தில் அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஆண்டுகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். குருப்பட்டம் பெற்ற நாள், திருமண நாள், ஒவ்வொரு சபையிலும் பணியாற்றிய காலம், ஓய்வுபெற்ற நாள் ஆகியவற்றைச் சபைப் பதிவேட்டிலிருந்தோ தலைமை அலுவலகத்திலிருந்தோ எழுத்தில் பெறுங்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் கையில் அகப்பட்டதோடு வெளியேறியபோது உங்கள் வீட்டுப் பத்திரங்கள் போயிருக்கலாம், ஆனால் மலையகத்தில் பிரதி இருக்கக்கூடும். எழுதி முடித்ததும் அச்சகத்துக்குக் கொடுப்பதற்குமுன் படியைப் பெரியம்மாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் நீக்கச் சொல்வதை நீக்குங்கள், அவருடைய பங்கைத் தாமே குறைக்கச் சொன்னால் மட்டும் உடன்படாதீர்கள்.